மெயினை இறக்கிய கை

பிணம் பட்டாணி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் குப்புறக் கிடந்தது.

குளிர்பதனக் கிடங்கின் மூன்றாம் நம்பர் அறை. வாயைத் திறந்தால் புகை வரும் குளிர்.

கதவைத் திறந்த கணக்கு அம்மாள் முதலில் அலறவில்லை. கோபித்துக்கொண்டாள்.

“சார்... சாப்பிட்டுட்டுச் சாயறதுக்கு வேற இடமே கிடைக்கலையா?”

கிடந்தவர் பதில் சொல்லவில்லை. அவர் கிடங்கின் பார்ட்னர். உயிரோடு இருந்த காலத்திலேயே ஊழியர்களுக்குப் பதில் சொல்லும் வழக்கம் இல்லாதவர். அதனால் அவளுக்குச் சந்தேகம் வரக் கொஞ்சம் தாமதமானது.

குனிந்தாள். பின்மண்டையில் உறைந்திருந்த சிவப்பைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அலறினாள்...

தெருமுனை சலூனில் ஷேவிங் செய்துகொண்டிருந்த ஒருவரின் கன்னத்தில் கோடு விழுந்தது!

*

பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். கிடங்கில் கொடுத்த குளிர் கோட்டுக்குள் பாதி காணாமல் போயிருந்தார்.

“இரும்புக் கம்பி மாதிரி ஏதோ ஒண்ணு. ஒரே அடி” என்றார் கான்ஸ்டபிள். “கைரேகை கிடைக்காது மேடம். இங்க எல்லாரும் கையுறை போட்டுத்தான் வேலை செய்யறாங்க.”

“வராந்தாவுல கேமரா இருக்கே?”

“இருக்கு. ஆனா சரியா அந்த நேரத்துக்குப் படம் இல்ல. கரண்ட் போயிருக்கு.”

“பக்கத்துக் கடையில விசாரிச்சியா?”

“அங்க போகவே இல்லையாம் மேடம். இந்தக் கட்டடத்துல மட்டும்தான் போயிருக்கு.”

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார்.

அப்படியென்றால்... யாரோ மெயினை இறக்கியிருக்கிறார்கள். கேமரா கண்ணை மூடியது. பார்ட்னர் கண்ணை மூடினார். அதன்பின் மெயின் மறுபடி ஏறியிருக்கிறது.

“ஜெனரேட்டர் இல்லையா இங்க?”

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல முன்னால் வந்தார் முதலாளி. தொப்பையும் சந்தனநிறச் சட்டையுமாக, துக்கத்திலும் பெருமை குறையாத மனிதர்.

“இருக்கு மேடம். அதுவும் ஆட்டோமேட்டிக். லைன் கரண்ட் போன அடுத்த நிமிஷம் பேனலே மோப்பம் பிடிச்சு ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணிடும். மனுஷன் கை படவே வேணாம். என் மச்சான்தான் வாங்கிக் கொடுத்தான்.”

பக்கத்தில் நின்ற மச்சான், கிடங்கின் மேனேஜர், தரையைப் பார்த்தான். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார் இன்ஸ்பெக்டர்.

“அப்போ இன்னைக்கு ஏன் ஸ்டார்ட் ஆகல?”

“எவனோ பேனல்ல கை வெச்சிருக்கான். அதுல கை வைக்கத் தெரிஞ்சவன் இங்க ஒருத்தன்தான்.”

எல்லாக் கண்களும் ஒரே திசையில் போயின.

அங்கே எண்ணெய்க் கறை படிந்த பனியனோடு ஒல்லியாக ஒருவன். கிடங்கின் ஜெனரேட்டர் ஆபரேட்டர். எல்லாரும் கூப்பிடும் பெயர் கரண்டு. கால்கள் மட்டும் ஓட்டப்பந்தயக்காரனுடையவை.

“எங்கடா இருந்த?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“மொட்டை மாடியில மேடம்.”

“என்ன பண்ணிட்டு இருந்த?”

“தண்ணி டேங்க்கைப் பார்த்துட்டு இருந்தேன்.”

“கண்ணைத் திறந்துக்கிட்டா?”

“மூடிக்கிட்டு.”

“கூட யாரு?”

“தூங்கறதுக்குத் துணை எதுக்கு மேடம்?”

முதலாளி குறுக்கிட்டார். “காலையில பார்ட்னர் இவன்கிட்ட என்ன சொன்னாருன்னு கேளுங்க.”

கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் கணக்கு அம்மாள் சொல்லிவிட்டாள். அழுதுகொண்டே சொன்னாலும் விவரம் குறையாமல் சொன்னாள்.

“ ‘பேனல் தானா வேலை பார்க்குது, இவன் எதுக்கு தண்டத்துக்கு? வர்ற வாரம் கணக்கு முடிச்சு அனுப்பிடு’ன்னாரு மேடம். இவன் முன்னாடியே.”

இன்ஸ்பெக்டர் கரண்டுவின் தோளில் கை வைத்தார்.

“வா. பேனலைக் காட்டு.”

*

பேனல் அறை படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. ஒரே ஒரு பல்பு. பீரோ அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி, அதன் நெற்றியில் மூன்று விளக்குகள், நடுவில் ஒரு திருகு சுவிட்ச். ஆஃப், மேனுவல், ஆட்டோ.

சுவிட்ச் மேனுவலில் இருந்தது.

“உன் முதலாளி ஆட்டோமேட்டிக்னாரு. இது மேனுவல்ல நிக்குது. அப்போ நீதான் திருப்பியிருக்க.”

“ஆமா மேடம்.”

“அவ்வளவு சுலபமா ஒத்துக்கற?”

“ஒத்துக்கலைன்னா ஜெயில். ஒத்துக்கிட்டா வேலை போகும். எது முதல்ல வரும்னுதான் யோசிச்சுட்டு இருக்கேன்.”

“எனக்குப் புரியற மாதிரி பேசு. இல்லேன்னா ரெண்டும் ஒரே நாள்ல வரும்.”

கரண்டு கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டான். குரலை இறக்கினான்.

“இந்தப் பேனல் செத்துப்போச்சு மேடம்.”

“என்னது?”

“வாங்கிட்டு வந்த ரெண்டாவது மாசமே உள்ள இருக்கற கார்டு கருகிடுச்சு. நாத்தம் தாங்கல. மேனேஜர்கிட்ட போய்ச் சொன்னேன். ‘அத்தான் காதுக்குப் போச்சுன்னா, எனக்கு முன்னாடி நீதான் வெளிய போவே’ன்னாரு.”

“அப்புறம் எப்படி ஜெனரேட்டர் ஓடுது?”

“நான் ஓடறேன். அப்புறம் அது ஓடுது.”

இன்ஸ்பெக்டர் அவன் கால்களைப் பார்த்தார்.

“லைன் போச்சுன்னா லோடு தூக்கறவங்க எல்லாரும் ‘ஓடுடா’ன்னு கத்துவாங்க. நான் எங்க இருந்தாலும் ஓடி வரணும். சாவியைத் திருகணும். ஜெனரேட்டர் இருமி அடங்கி ஒரே சீரா ஓடற வரைக்கும் பொறுக்கணும். லைன் பக்கத்தை விடுவிச்சுட்டு, அப்புறம்தான் ஜெனரேட்டர் பக்கம் தள்ளணும். ரெண்டும் ஒண்ணு சேர்ந்தா பேனலும் போகும், நானும் போவேன். மேல உட்கார்ந்துக்கிட்டு முதலாளி, ‘பார்த்தியா, தானா வந்துடுச்சு’ம்பாரு.”

“ஒரு தடவைகூடச் சந்தேகம் வரலையா அவருக்கு?”

“ஒரு தடவை விருந்தாளிங்களைக் கூட்டிட்டு வந்து இங்கயே நின்னு மெயினை இறக்கிக் காட்டினாரு. நான் பேனலுக்குப் பின்னாடி குந்திக்கிட்டு எல்லாத்தையும் தள்ளினேன். எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கு மூக்குல தும்மல். அடக்கின அடக்குல காது அடைச்சுப்போச்சு.”

வெளியே நின்ற கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

“கதை நல்லா இருக்கு. ஆனா உன்னைக் காப்பாத்தாது. பார்ட்னர் உன்னை வேலையை விட்டு எடுக்கறேன்னாரு. உனக்குப் பேனல் தெரியும். நீ எங்க இருந்தன்னு யாருக்கும் தெரியாது.”

“மேடம்... நான் கொலை பண்ணணும்னா இங்க வந்து எதையும் தொட வேண்டியதே இல்ல. லைன் கரண்ட் தினமும் ரெண்டு தடவை போகுது. அது போறப்போ நான் ஓடாம இருந்தாப் போதும். கேமரா தானா செத்துடும். எதுக்கு மெனக்கெட்டு மெயினை இறக்கணும்?”

இன்ஸ்பெக்டர் புருவத்தைச் சுருக்கினார்.

திருடன் பேசும் நியாயம் மாதிரியும் இருந்தது. நியாயமாகவும் இருந்தது!

“இந்தப் பேனல் செத்ததை நிரூபிப்பியா?”

“நிரூபிச்சா என் வேலை போயிடும் மேடம். வீட்டுல கைக்குழந்தை.”

“நிரூபிக்கலைன்னா அந்தக் குழந்தையைக் கம்பிக்குப் பின்னாடி இருந்துதான் பார்ப்ப.”

கரண்டு பெருமூச்சு விட்டான்.

“கூப்பிடுங்க எல்லாரையும்.”

*

முதலாளி, மச்சான், கணக்கு அம்மாள், லோடு தூக்கும் இரண்டு பேர். சின்ன அறையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

அதற்குள் கான்ஸ்டபிள் விசாரணையை முடித்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் ஊழியர்கள் எல்லாரும் வெளி முற்றத்து வெயிலில். மச்சான் வங்கியில். முதலாளி மாடி அறையில் மனைவியோடு போனில். மனைவியும் அடித்துச் சொல்லிவிட்டாள். அரை மணி நேரம் விடாமல் பேசினார்களாம்.

மிச்சம் கரண்டு ஒருவன்தான்.

“எதுக்கு மேடம் இந்தக் கூத்து?” என்றார் முதலாளி. “கூட்டிட்டுப் போங்க இவனை.”

“ஒரு சின்ன சந்தேகம் சார். உங்க பேனலைக் கொஞ்சம் வேலை செய்ய வெச்சுப் பார்க்கணும்.”

முதலாளியின் முகம் மலர்ந்தது. பிணம் இன்னும் கிடங்கை விட்டுப் போன பாடில்லை, ஆனாலும் மலர்ந்தது.

“தாராளமா.”

மச்சான் நழுவப் பார்த்தான். “அத்தான், எனக்கு ஒரு அவசர வேலை...”

“நில்லு மாப்ளே. நீ வாங்கின பொருள். நீயே பாரு.”

கரண்டு திருகு சுவிட்சை ஆட்டோவுக்குக் கொண்டுபோனான். அவனுடைய வேலை விரல் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மெயினை இறக்கினான்.

டக்...

இருட்டு.

எங்கோ ஒரு குழாய் சொட்டியது.

ஜெனரேட்டர் அசையவில்லை.

“கொஞ்சம் பொறுங்க” என்றது முதலாளியின் குரல். “வரும்.”

வரவில்லை.

லோடு தூக்குபவர்களில் ஒருவன் பழக்கதோஷத்தில் கத்திவிட்டான். “ஓடுடா கரண்டு.”

இன்னொருவன் களுக்கென்று சிரித்தான். கணக்கு அம்மாள் “ஸ்ஸ்” என்றாள். அவளும் சிரிப்பை அடக்குவது அந்த ‘ஸ்ஸ்’ஸிலேயே தெரிந்தது.

“ஏதோ பண்ணி வெச்சிருக்கான் மேடம் இவன். இது தங்கமான பேனல்” என்றார் முதலாளி.

“முதலாளி...” கரண்டுவின் குரல் இருட்டில் கரகரத்தது. “இது செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. இத்தனை நாளும் ஓடிவந்து போட்டது நான்தான். நம்பலைன்னா இவங்களைக் கேளுங்க.”

“ஆமா முதலாளி” என்றன இரண்டு குரல்கள்.

“மாப்ளே... என்னடா சொல்றானுங்க?”

மச்சானின் செருப்புச் சத்தம் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தது.

“இன்னைக்கு மத்தியானம் ஜெனரேட்டர் வராததுக்கும் அதுதான் காரணம்” என்றான் கரண்டு. “யாரும் பேனல்ல எந்த வித்தையும் பண்ணல. நான் தூங்கிட்டேன். அது எழுப்பாம எழுந்திருக்காது. அவ்வளவுதான்.”

“முட்டாள்.”

முதலாளியின் குரல் ஆத்திரத்தில் உடைந்தது. இரண்டு வருடமாக ஊரெல்லாம் சொல்லி வளர்த்த பெருமை. அதை ஓர் எண்ணெய்ப் பனியன் எல்லார் முன்னாலும் மிதிக்கிறது.

“மத்தியானம் அது வராததுக்குக் காரணம் நான்டா. நான் முதல்ல ஆஃப்ல திருப்பினேன். அதனாலதான் அது அடங்கிக் கிடந்துச்சு. இல்லேன்னா மெயினை இறக்கின என் கையை எடுக்கறதுக்குள்ள ஸ்டார்ட் ஆகியிருக்கும்.”

குழாய் சொட்டியது.

இன்னொரு முறை சொட்டியது.

“அப்புறம்?” என்றார் இன்ஸ்பெக்டர், ஊர்ப்பேச்சுக் கேட்பவர்போல.

“அப்புறம் என்ன, திரும்பி வந்து ஆட்டோல வெச்சுட்டு மெயினை...”

நின்றுவிட்டார்.

தாமதமாக!

“அதான்...” என்றான் கரண்டு மெதுவாக. “மாடியில இருந்து இறங்கி வந்து பார்த்தா சுவிட்ச் ஆட்டோல இருந்துச்சு மேடம். எங்கள்ல எவனும் அதை அங்க வைக்கமாட்டான். ஆட்டோல இருந்தும் ஏன் ஸ்டார்ட் ஆகலன்னு கேப்பீங்களேன்னு பயந்து, சத்தமில்லாம மேனுவலுக்குத் திருப்பிட்டேன்.”

“கரண்டு” என்றார் இன்ஸ்பெக்டர். “மெயினைப் போடு.”

பல்பு எரிந்தது. முதலாளியின் முகத்தில் மட்டும் எரியவில்லை.

*

மாடி அறை சோபாவுக்கு அடியில் இரும்புக் கம்பி கிடைத்தது. கழுவக்கூட நேரமில்லை போலிருக்கிறது.

“போன்ல பேசிட்டு இருந்தீங்களே சார்?” என்றார் கான்ஸ்டபிள், விலங்கை மாட்டியபடி.

“மேஜைமேல வெச்சுட்டு வந்தேன். திரும்பிப் போனப்போவும் அவ அவங்க அக்காவைப் பத்தித்தான் பேசிட்டு இருந்தா.”

“ஏன் சார் இப்படி?”

“கிடங்கை விக்கணும்னான். இடிச்சுட்டு கார் ஷோரூம் கட்டப்போறாங்களாம். என் ஃப்ரீசரை, என் பேனலை, எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போடறேன்னு என் முகத்துக்கு நேரா சொன்னான்.”

வாசலில் மச்சான் அதற்குள் முதலாளியின் நாற்காலிக்கு வாரிசாகியிருந்தான். கரண்டுவைத் தனியே கூப்பிட்டான்.

“தம்பி, நடந்தது நடந்துபோச்சு. இனிமே இங்க எல்லாம் நவீனமா இருக்கணும். எனக்குத் தெரிஞ்ச இடத்துல நல்ல ஆட்டோமேட்டிக் பேனல் ஒண்ணு...”

“மேனேஜர் சார்” என்று கணக்கு அம்மாள் இடையில் வந்து நின்றாள். “போலீஸ் ஜீப் இன்னும் கிளம்பல. அந்தக் கருகின கார்டைப் பத்தியும் மேடம்கிட்ட பேசணுமா?”

மச்சான் தொண்டையைச் செருமினான்.

“இல்ல... தம்பியே இருக்கட்டும். சம்பளத்தையும் கொஞ்சம் பார்த்துப் போடுங்க.”

கரண்டு அவளைப் பார்த்துக் கும்பிட்டான். “அக்கா...”

“என்னைக் கும்பிடாத. மாடியில தூங்கறதை நிறுத்து.”

ஜீப் கிளம்பியது. பின் சீட்டில் முதலாளி கிடங்கையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். கொலைகூட அவருக்கு அத்தனை வலிக்கவில்லை.

“மேடம்... நான் சொல்றேன், நீங்க இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா அது கண்டிப்பா வந்திருக்கும்.”

இன்ஸ்பெக்டர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

“நீங்க இன்னும் கொஞ்ச நேரம் பேசாம பொறுத்திருந்தா நான் போயிருப்பேன்.”