மாஸ்க் போட்டியா?

வானகரத்தில் பைபாஸை விட்டு இறங்கி, டைல்ஸ் கடைகளைத் தாண்டினால் அந்தக் கட்டிடம். கீழே குடோன், மாடியில் லேப். கோவில்பட்டியிலிருந்து வந்த எனக்கு அங்கே வேலை கிடைத்ததே பெரிய விஷயம். நான் சேர்ந்த அன்று நல்ல வெயில்.

லேப் உதவியாளர் கஜபதி அண்ணன்தான் கதவைத் திறந்தார்.

"இன்னாம்மா, சித்ராவா? எழிலு இடத்துக்கா வந்துகீற?"

"எழில் யாருண்ணே?"

"எழிலரசி. உனக்கு மின்னாடி இருந்த பொண்ணு." சட்டென்று பேச்சை மாற்றினார். "டீ வாங்கியாரட்டா? இங்க குடிச்சா டீயும் ஸ்பிரிட்டு மாரிதான் கீது" என்று சிரித்தார்.

நடுவில் மேஜை. அதன் மேல் தராசு. தராசுக்கு நேர் மேலே ஒரு பழைய மின்விசிறி. மூலையில் ஹூட் என்கிற கண்ணாடிப் பெட்டி நின்றது. விஷப் பொடிகளை அதற்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும். மோட்டார் உள்காற்றை இழுத்து வெளியே தள்ளிவிடும். இங்கே அதற்குள் அட்டைப்பெட்டிகளை அடைத்து வைத்திருந்தார்கள். மோட்டார் வயர் பிடுங்கிக் கிடந்தது.

"சார் போன் பேசறப்போ சத்தமா கீதுன்னு கயட்ட சொல்ட்டாரு."

சார் என்றால் மணவாளன். லேப் பொறுப்பாளர்.

செல்களை உடைத்துக் கரைசலாக்குவது என் வேலை. செல் உடைந்ததுமே அதற்குள் இருக்கும் நொதிகள் அதன் புரதத்தைத் தின்ன ஆரம்பித்துவிடும். அதைத் தடுக்கத்தான் ஐஸில் வைத்து பி.எம்.எஸ்.எஃப். என்ற மருந்தைச் சேர்ப்போம். தண்ணீரில் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடும் என்பதால் கடைசி நிமிடத்தில்தான் சேர்க்க வேண்டும். பார்க்கச் சாதாரண வெள்ளைப் பொடி. கண்ணில் பட்டால் அரித்துவிடும். மூச்சில் போனால் உயிருக்கே ஆபத்து.

மத்தியானங்களில் அந்த ஹூட்டுக்குள்ளிருந்து இருமல் கேட்கும்.

வறண்ட இருமல். பெண் குரல்.

கஜபதி அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"நீயும் கேட்டியா?" குரலைத் தாழ்த்தினார். "இந்த மேஜையாண்டதாம்மா. பேன நிறுத்துறேன்னுச்சு எழிலு. வேர்க்குது, ஓடட்டும்னான் இந்தாளு மணவாளன். மூடியத் தொறந்துச்சு, பவுடரு மூஞ்சி பூரா அப்பிக்கிச்சு. மூச்சு வுட முடியாம வுழுந்துச்சு. நான் ஆட்டோவுக்கு ஓடுறேன், இவன் குனிஞ்சி இன்னா கேட்டான் தெரியுமா? 'மாஸ்க் போட்டியா?'ன்றான்."

"ஐயோ."

"பொணத்த வாங்க வந்த அப்பாராண்டயும் அதேதான். உன் பொண்ணு மாஸ்க் போடல, அது மேலதான் தப்புன்னான். லேப்புல மாஸ்க்கே கெடையாதும்மா."

அடுத்த வாரம் அவசரமாக ஒரு வேலை வந்தது. செல்கள் ஐஸில் காத்திருந்தன. ஸ்பிரிட்டில் கரைத்து வைத்திருந்த மருந்து தீர்ந்திருந்தது.

"பொடியை எடுத்துப் புதுசா கரை" என்றார் மணவாளன்.

"சார், ஹூட்டைக் காலி பண்ணி மோட்டாரை மாட்டிட்டு…"

"அதுக்குள்ள சாம்பிள் போயிடும். ஒரு சிட்டிகைதானே, இங்கயே தராசுல நிறுத்து எடு."

"மாஸ்க்காவது, கண்ணாடியாவது குடுங்க சார்…"

"முடியலன்னா சொல்லு. நாளைக்கு வேற ஆள் வரும்."

ஊருக்குத் திரும்பிப் போகும் நிலையில் நான் இல்லை. விசிறியை மட்டும் அணைத்தேன். அது நின்றதும் பாட்டிலை எடுத்தேன்.

மூடி திரும்பவில்லை.

என் கையுறைக்கு மேல் வேறு விரல்கள் இருந்தன. சில்லென்று. அவை மூடியை அழுத்திப் பிடித்திருந்தன.

"பயந்தாங்கொள்ளி. கொடு இப்படி!" மணவாளன் பாட்டிலைப் பிடுங்கினார். அவருக்கு மூடி சுலபமாகத் திறந்தது.

மேலே ஒரு கிறீச்.

விசிறி சுற்ற ஆரம்பித்தது.

சுவிட்ச் அணைந்தேதான் இருந்தது.

பொடி எழும்பியது. என் பக்கம் ஒரு துகள்கூட வரவில்லை. மொத்தமாகத் திரண்டு அவர் முகத்துக்குப் போனது. அவர் கண்களைப் பொத்திக்கொண்டு சரிந்தார். கஜபதி அண்ணன் ஓடி வந்து என்னை வாசலுக்கு இழுத்தார்.

அப்போதுதான் கேட்டது. அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து, மெதுவாக, மரியாதையாக:

"மாஸ்க் போட்டீங்களா சார்?"

மணவாளனுக்குப் பேச மூச்சில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் தலை நின்றுவிட்டது.

போலீஸ் வந்தது, விசாரித்தது, போனது. அதன் பிறகு விசிறியைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். ஹூட்டைக் காலி செய்து மோட்டார் மாட்டினார்கள். மாஸ்க், கண்ணாடி எல்லாம் வந்தன. இருமல் நின்றது. அவள் போய்விட்டாள் என்று நினைத்தேன்.

புதுப் பொறுப்பாளர் ரோஹித் நல்ல மனிதர். நேற்று மத்தியானம், மாஸ்க் மாட்டிக்கொண்டு ஹூட்டுக்குள் பாட்டிலைத் திறந்திருந்தேன். காதில் போனோடு அவர் வந்தார்.

"என்ன சித்ரா, இவ்ளோ சத்தம்? முக்கியமான கால். ரெண்டு நிமிஷம் ஆஃப் பண்ணிக்கிறேன்."

அவர் விரல் மோட்டார் சுவிட்சைத் தொட்டது.

மேலே ஒரு கிறீச்.

"கைய எடு சார்" என்றார் கஜபதி அண்ணன், சத்தமே வராமல்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் வெறும் கொக்கிதான் இருந்தது.

ஆனாலும் என் நெற்றி முடி பறந்துகொண்டிருந்தது.