இடது பக்க மிரரைக் காணோம்!

“ஐயோ... ரங்கா... போச்சே!”

ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியே திரும்பிப் பார்க்கும்படி அலறியவன் பிரஹலாத்.

பிணம் ஏதும் இல்லை. ரத்தமும் இல்லை.

அவனுடைய பழைய காரின் இடது பக்க மிரரைக் காணவில்லை! அது இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. ஓட்டையிலிருந்து ஒயர் தொங்கியது.

பிரஹலாத் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்ப்பவன். சாப்பாட்டு வேளையில் க்ரைம் நாவல்களாகப் படித்துத் தள்ளி, தன்னையும் ஒரு துப்பறிவாளன் என்று நம்பியவன். அப்படி நம்பியது உலகத்தில் அவன் ஒருவன்தான்.

ஸ்விட்சை அழுத்தினால் அந்த மிரரின் கண்ணாடி அசைய வேண்டும். சில மாதங்களாக அசையவில்லை. தானே சரி செய்வதாகச் சபதம் போட்டிருந்தான். மிக்ஸி, காலிங் பெல், கைக்கடிகாரம்... அவன் கை பட்டவையெல்லாம் ஏற்கெனவே வைகுண்டம் போயிருந்தன. அதனால் நேற்று அவன் மனைவி கமலினி கறாராகச் சொல்லிவிட்டாள்.

“ஏன்னா, இது கடைசி சான்ஸ். நாளைக்குள்ள மிரர் அசையலேன்னா உங்க டூல் பாக்ஸைப் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடுவேன். அப்புறம் இந்த ஆத்துல நீங்க ஸ்க்ரூடிரைவரையே தொடப்படாது!”

அதற்காகவே இன்று லீவு போட்டான். கமலினி பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போனபிறகு சாவகாசமாக எழுந்து வந்து பார்த்தால்... மிரரே இல்லை!

குனிந்து ஒயரை ஆராய்ந்தான்.

“அறுக்கலை... பிளக்கை நிதானமா கழட்டியிருக்கான். கைதேர்ந்த திருடன்!”

கமலினி வருவதற்குள் வேறு மிரர் வாங்கி மாட்டிவிட்டால் மானம் பிழைக்கும். ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு திருச்சி பாலக்கரைப் பக்கம் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குப் போனான்.

ஷெட்டில் ஆள் இல்லை.

மேஜை மேல்... வெள்ளி நிறத்தில்... அதே மாடலுக்கான இடது பக்க மிரர்!

எடுத்துத் திருப்பினான். முதுகில், அவன் ஒட்டியிருந்தது போலவே திருமண் ஸ்டிக்கர்!

“என் மிரர்! திருட்டு ராஸ்கல்ஸ்!”

போலீசுக்குப் போகலாமா என்று ஒரு கணம் யோசித்தான். போனால் கேஸ் முடிய வருஷமாகும். கமலினி சாயங்காலமே வந்துவிடுவாள். மிரரைத் துணிக்கடைப் பையில் நுழைத்தான். துப்பறிவாளனாக உள்ளே வந்தவன், திருடனாக வெளியே போனான்.

வீட்டுக்கு வந்து பிளக்கைச் செருகி ஸ்விட்சை அழுத்தினான்.

அசையவில்லை.

“பார்த்தியா! அதே கோளாறு! சந்தேகமே இல்லை, இது என்னுதுதான்!”

தயிர் ஸ்பூனை விட்டு நெம்பினான். கண்ணாடி தனியாக வந்தது. உள்ளே பல் சக்கரத்தை அணைத்தபடி... குளவி கட்டிய மண் கூடு!

ஊக்கால் சுரண்டினான். வாயால் ஊதினான். மண் கண்ணில் விழுந்தது. பரவாயில்லை!

கண்ணாடியைப் பொருத்தி, மிரரைக் கார் கதவில் மாட்டி, மூன்று நட்டுகளையும் முடுக்கி, மறுபடி அழுத்தினான்.

“ம்ம்ம்ம்...”

அசைந்தது! மேலே... கீழே... உள்ளே... வெளியே!

பிரஹலாத்துக்கு அழுகை வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைச் சரி செய்திருக்கிறான்!

செல்போன் அலறியது. கமலினி!

“கமலி! மிரர் அசையறது! நானே சரி பண்ணிட்டேன்!”

“எந்த மிரரை?” கமலினியின் குரலில் சந்தேகம். “உங்களை நம்ப மனசு வரலை. நீங்க தூங்கிண்டிருந்தப்போ தைரியராஜ்னு ஒரு மெக்கானிக்கை வரவழைச்சு, நம்ம மிரரைக் கழட்டிக் குடுத்துட்டேனே. பாலக்கரைல அவர் ஷெட்...”

பிரஹலாத்துக்கு வியர்த்தது. உடனே ஆறுதலும் வந்தது. சொந்தப் பொருளைத் தூக்கினால் அது திருட்டே இல்லையே!

“சார்...”

வாசலில் காக்கி உடையில் ஒரு பெண்மணி. பக்கத்தில் கிரீஸ் கறையோடு ஓர் ஆள்.

“நான் இன்ஸ்பெக்டர் பானுமதி. இவர் மெக்கானிக் தைரியராஜ். டீ குடிக்கப் போன நேரத்துல இவர் ஷெட்டுல ஒரு மிரர் காணாமப் போயிருக்கு. கேமராவுல உங்க ஸ்கூட்டர் நம்பர் இருக்கு.”

“மேடம், அது என் மிரர்! திருமண் ஸ்டிக்கர் கூட...”

“ஸ்ரீரங்கத்துல எந்த வண்டியில சார் திருமண் இல்லை?” தைரியராஜ் தன் பையிலிருந்து இன்னொரு வெள்ளி நிற மிரரை எடுத்தார். “உங்களுது இது. உள்ரூம்ல இருந்துச்சு. நீங்க தூக்கினது மேடம் வண்டியோடது!”

ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவன், திருமண்ணை அடையாளம் என்று நம்பியிருக்கிறான்!

“ஏன்னா... யாரு வந்திருக்கா?” துண்டிக்காத போனில் கமலினி.

“போலீஸ்” என்றான் ஈனஸ்வரத்தில்.

பானுமதி அவன் காருக்குள் உட்கார்ந்து ஸ்விட்சை அழுத்தினாள். கண்ணாடி அழகாகத் திரும்பியது. அவள் முகம் மாறியது.

“தைரியராஜ்! இது அசையலைன்னுதானே கொடுத்தேன்?”

“ஆமா மேடம். நான் இன்னும் பிரிக்கவே இல்லையே!”

“அப்ப யார் சரி பண்ணது?”

விலங்குக்காக நீட்டியிருந்த கைகளில் ஒன்றை பிரஹலாத் மெல்ல உயர்த்தினான்.

“நிஜமாவா மேடம்?” போனில் கேட்டாள் கமலினி. “இவரா சரி பண்ணினார்? அப்போ... டூல் பாக்ஸ் ஆத்துலயே இருக்கட்டும்னா.”

பிரஹலாத்தின் கண் நிறைந்தது. இந்த முறை மண் விழவில்லை.

பானுமதி தொப்பியைச் சரிசெய்தபடி சிரித்தாள்.

“எங்க ஆபீசர் வண்டியிலயும் மிரர் அசையலை, சார். அதைத் திருடிட்டுப் போய் சிரமப்படாதீங்க... நானே கொண்டு வந்து தரேன்!”