காப்புக் கட்டிய மறுநாள்

சர்மிளாவின் கொப்பியில் மூன்று நாள் பயணம் மூன்று நிறங்களில் எழுதப்பட்டிருந்தது. புதன்கிழமை சிகிரியாக் குன்று. அது அவளுடைய ஆசை. வியாழக்கிழமை மின்னேரியா யானைகள். அது தம்பி நிரோஷனின் பிடிவாதம். வெள்ளிக்கிழமை திருகோணமலைக் கடல். அது அம்மாவுக்காக. முப்பத்தெட்டு வயது வரை தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கிய மீனம்மா, கடலை ஒருமுறையேனும் கண்டதில்லை.

சனிக்கிழமை பிற்பகல் கோயில் கூட்டம் முடிந்து வந்த அப்பா செல்லசாமி, செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றார்.

"செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டுறாங்களாம்."

ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், விழா நிறைவுறும் வரை தோட்டத்தார் எவரும் வெளியூரில் இரவு தங்குவதில்லை.

"அப்ப நம்ம பயணம்?" என்றான் நிரோஷன்.

"அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்," என்றாள் அம்மா.

சர்மிளா அச்சொற்களைக் கேட்பது இது மூன்றாம் முறை. முதல் ஆண்டு நிரோஷனுக்குக் காய்ச்சல். சென்ற ஆண்டு பாதையில் மண் சரிந்தது.

"வேன்காரர் சிவசாமி அண்ணன் ஆறு மணிக்குப் பதில் கேட்பாரு. இல்லேன்னா வேனை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாரு," என்றார் அப்பா.

கடிகாரம் நாலேகால் காட்டியது. சர்மிளா கொப்பியை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். அங்கே கோயில் தலைவர் சின்னத்தம்பி, வெண்கல மணியைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார்.

"தாத்தா, காப்புக் கட்டுனா தோட்டத்தை விட்டுப் போகவே கூடாதுங்களா?"

"ஏன் கூடாது? தேங்காய் வாங்க நான் தலவாக்கலைக்குப் போக வேணாமா? வெளியில ராத்தங்கக் கூடாது. அவ்வளவுதான்."

"எத்தனை மணிக்குள்ள வந்துடணும்?"

"பத்து மணிக்குக் கோயில் நடை சாத்துவேன். அதுக்குள்ள. ஏன், லண்டனுக்கா போறீங்க?"

"கடலுக்குங்க தாத்தா."

அவர் துலக்குவதை நிறுத்தினார். "பத்துன்னா பத்துதான்," என்றார்.

வீடு திரும்பும்போது மணி ஐந்து. சர்மிளா இலங்கை வரைபடத்தைத் தரையில் விரித்தாள். திருகோணமலைக்குப் போய் ஒரே நாளில் திரும்புவது ஆகாத காரியம் என்று அப்பா தலையசைத்தார். அவள் விரல் மேற்கே திரும்பியது. ஹட்டன், கினிகத்தேனை, அவிசாவளை. அங்கிருந்து நீர்கொழும்பு.

"இதுவும் கடல்தானேப்பா?"

"கடல்தான். போற வழியில தேயிலை முடிஞ்சா இறப்பர் மரம், இறப்பர் முடிஞ்சா வயல், வயல் முடிஞ்சா தென்னை. இறங்க இறங்க வேர்க்கும்."

சர்மிளா கொப்பியில் தன் சிகிரியாக் குன்றின் மீது முதலில் கோடு போட்டாள். கோடு சற்றுக் கோணலாக விழுந்தது. பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"என் யானையுமா?" அவன் முகம் சுருங்கியது. நெடுநேரம் யோசித்தான். "சரி. அங்க பொரிச்ச மீனாவது வாங்கித் தருவீங்களா?"

"காப்புக் கட்டியாச்சுன்னா விரதம்டா," என்றார் அப்பா.

"மீனைப் பார்க்கலாமா?"

"பார்க்கலாம். அதுக்கு விரதம் இல்லை."

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "வழியில வேன் நின்னுட்டா? டயர் வெடிச்சா? சாமி குத்தம் ஆயிடும். ஊரே நம்மளைச் சொல்லும்."

சர்மிளா பென்சிலைக் கடித்தபடி கணக்கிட்டாள். விடியற்காலை மூன்று மணிக்குப் புறப்பாடு. ஒன்பது மணிக்குக் கடல். பிற்பகல் இரண்டுக்குத் திரும்பினால் இரவு எட்டுக்கு வீடு.

"ரெண்டு மணி நேரம் கையில இருக்கும்மா. நாலு டயர் வெடிச்சாலும் மாத்திடலாம்."

அம்மா கொப்பியை வாங்கி, எழுத்துக்கூட்டுபவளைப் போல மெல்லப் படித்தாள். கடிகாரமோ ஓடிக்கொண்டே இருந்தது.

ஆறு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. அப்பா அம்மாவை நோக்கினார். அவள் தலை நிமிரவில்லை.

"என்னப்பா முடிவு?" என்றது சிவசாமியின் குரல். "இங்க இன்னொரு ஆள் காத்துக்கிட்டு நிக்கிறாரு."

"அண்ணே... புதன்கிழமை ஒரு நாள் மட்டும், நீர்கொழும்புக்கு. விடியக்காலை மூணு மணிக்கு..." அப்பாவின் குரல் தேய்ந்தது.

அம்மா எழுந்தாள்; தொலைபேசியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"மூணு மணி வேணாங்க அண்ணே. ரெண்டரைக்கே வந்துடுங்க," என்றாள். "கடல்கிட்ட இன்னொரு அரை மணி நேரம் நிக்கலாம்."