யார் குப்பை சூடானது?

நந்தினிக்கு வயிற்றெரிச்சல். எல்லாம் குப்பையைப் பார்த்துத்தான்.

கூடப் படிக்கும் வஜீதாவின் அப்பா ஆம்பூரில் பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். அங்கே மிஞ்சும் புதினாக் காம்பும் கொத்தமல்லித் தண்டும் மூட்டை மூட்டையாகப் பள்ளித் தோட்டத்துக்கு வந்தன. உரம் செய்ய அவள் சேர்த்த குப்பைக் குவியல் பச்சைப்பசேல் என்று வளர்ந்தது.

பக்கத்தில் இருந்த நந்தினியின் குவியலோ குட்டி. அம்மா வேலை செய்யும் மூலிகைத் தைலக் கம்பெனியில் கழித்துப் போட்ட காய்ந்த துளசிக் குச்சியும் நொச்சிச் சருகும்தான் அதில் இருந்தன.

"போன வருஷம் நம்ம கத்திரி நாத்தெல்லாம் அழுகிப் போச்சு இல்ல?" என்றார் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் டேனியல் சார். "குப்பை மக்கும்போது உள்ள நல்லா சூடாவணும். அப்பதான் அந்த அழுகல் கிருமி சாகும். யார் குப்பை சூடாவுதோ, அவங்க உரம்தான் இந்த வருஷ நாத்துக்கு!"

நந்தினி தினமும் கைவிட்டுப் பார்த்தாள். சில்லென்றே இருந்தது.

"நீயும் பிரியாணிக் கடையில வேலை செஞ்சா இன்னாம்மா?" என்று வீட்டில் சண்டை போட்டாள்.

ஒரு வாரத்தில் வஜீதாவின் குவியல் கொழகொழவென்று ஆகி நாறியது. 'நல்லா வேணும்!' என்று குதித்தாள் நந்தினி. ஆனால் அவளுடைய குவியலும்தான் சூடாகவில்லையே! ஒருவேளை ஈரம் பத்தவில்லையோ?

வஜீதாவிடம் போய் அவளுடைய ஈரக் குப்பையில் கொஞ்சம் கேட்பதா? முடியவே முடியாது. மதிய இடைவேளையில் பக்கெட்டோடு பதுங்கிப் பதுங்கிப் போனாள்.

அங்கே அவளுடைய குவியலில் யாரோ கைவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏய் வஜீதா! என் குப்பையில இன்னா பண்ற?"

வஜீதா திருதிருவென விழித்தாள். "உன்னுது மட்டும் கமகமன்னு இருக்குது. என்னுது நாறுது. பேஜாராப் போச்சு. அதான் கொஞ்சம் எடுத்துக்கலாம்னு... ஆமா, நீ எதுக்குப் பக்கெட்டோட வந்த?"

நந்தினியின் முகம் போன போக்கைப் பார்த்து வஜீதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நந்தினியும் சிரித்தாள்.

"ரெண்டையும் ஒண்ணாக் கலந்துடலாமா?" என்றாள் நந்தினி.

"அப்போ யாரு ஜெயிச்சதா ஆவும்?"

அதை நினைத்தால் நந்தினிக்கு மனசு வலிக்கத்தான் செய்தது. "தெரியலடி. இப்படியே விட்டா நாத்து மறுபடி அழுகிடும், வா!"

இரண்டு நாள் கழித்து டேனியல் சார் குவியலுக்குள் கையை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே இழுத்தார். "அம்மாடி, சுடுதே! ஈரமும் சருகும் சேர்ந்ததும் சூடேறிடுச்சு!"

குவியலிலிருந்து ஆவி பறந்தது.

இரண்டு பேரும் அதைக் கிளறிக் கிளறிப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து, நன்றாக மக்கிய உரத்தைப் பாத்தியில் போட்டார்கள். அந்த வருடம் கத்திரி நாற்று ஒன்றுகூட அழுகவில்லை.

"இதுல எது உன் குப்பை, எது வஜீதா குப்பை?" என்று கேட்டான் அவர்கள் வகுப்புப் பரணிதரன்.

நந்தினி ஒரு கை உரத்தை அள்ளி உற்றுப் பார்த்தாள். கறுகறுவென்று இருந்தது.

"நீயே தேடிக் கண்டுபிடி, எனக்கே தெரியல!" என்று அவன் கையில் கொட்டினாள்.