அரை அடி உயரம்

நன்றிமானி நாற்பத்தொன்று என்றது. சுதர்சனுக்கு முகம் சுண்டிப்போனது. அறுபதுக்குக் கீழே எண் வாங்கிய வீட்டைச் சேலத்தில் இப்போது வாடகைக்கு விட முடியாது.

செம்பு அளவே இருந்த அந்தக் கருவி கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தது. இத்தகைய வீடுகளில் வாழ்ந்த பல லட்சம் பேரின் அன்றாடத்தைப் படித்துவைத்திருப்பது அது. அதைக் கொண்டு, இனி வரப்போகும் குடித்தனக்காரரை வெளிர்நீல ஒளியில் நிழல்குடியாக நடமாடவிடும். அவர் அந்த வீட்டுக்கு எவ்வளவு நன்றியோடு இருப்பார் என்று நூற்றுக்கு ஓர் எண் போடும். செய்ய நினைக்கும் வேலையைச் சொன்னால், செய்து முடித்த வீட்டில் நிழல்குடியை நடக்கவிட்டு எண்ணை மாற்றிக் காட்டும். அது வந்த பிறகு வீட்டுக்காரர்கள் யாரும் கண்ணை மூடிக்கொண்டு செலவு செய்வதில்லை.

வீட்டைப் புதுப்பிக்க சுதர்சன் ஆறு லட்சம் ஒதுக்கியிருந்தார். அடுத்த வாரம் அவரும் மனைவி மோனிஷாவும் ஓசூரில் இருக்கும் மகள் வீட்டுக்கே குடிபோகிறார்கள். மோனிஷாவின் இடுப்பு வலி அப்படி. இனிக் குனிந்து வேலை செய்யக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிறந்த ஊரை விட்டுப் போக மோனிஷாவுக்கு மனமே இல்லை. ஆனாலும் வாய் திறக்காமல் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

சுதர்சன் முதலில் தரைக்கு இத்தாலியச் சலவைக்கல் என்றார். மூன்று லட்சம். எண் இரண்டு கூடியது. கூரைக்கு அலங்கார விளக்குகள் என்றார். நிழல்குடி அண்ணாந்தே பார்க்கவில்லை. வாசலுக்குத் தேக்குக் கதவு என்றதும், திறக்கக் கனமாக இருக்கிறதென்று கருவி ஓர் எண்ணைக் குறைத்துக்கொண்டது. நிழல்குடி மட்டும் சமையலறைத் தொட்டியடியில் நின்று, ஒரு கையால் பாத்திரம் தேய்த்தபடி மறுகையை இடுப்பில் ஊன்றியிருந்தது.

"அந்த சிங்க்கை அரை அடி ஒசத்திப் பாருங்க," என்றார் மோனிஷா, மூட்டையிலிருந்து தலையைத் தூக்காமல்.

பத்தொன்பதாயிரம் ரூபாய் வேலை. சுதர்சன் சொல்லி வாய் மூடவில்லை, நிழல்குடி முதுகை நிமிர்த்தியது. எண் எழுபத்திரண்டில் போய் நின்றது.

சுதர்சனுக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதே கொத்தனாரை அழைத்து மறுநாள் காலை வரச் சொன்னார். ஐந்து லட்சத்துக்கு மேல் மிச்சம். இப்படியொரு யோசனை எப்படித் தோன்றியது என்று மனைவியைப் பாராட்டிக் கேட்டார்.

"முப்பத்தொரு வருஷமா தோணிட்டுத்தான் இருக்குதுங்க. அது உங்க அம்மா ஒசரத்துக்குக் கட்டினது. நான் அவங்கள விட நல்ல ஒசரம். மொத பத்து வருஷம் கேட்டேன், அப்புறம் விட்டுட்டேன்." குரலில் குறையே இல்லை, சிரிப்புக்கூட இருந்தது. "மூஞ்சி தெரியாத மகராசிக்கு ஒரே நிமிஷத்துல செஞ்சு குடுத்துட்டீங்க. நல்லா இருக்கட்டும்."

சுதர்சனுக்கு, நன்றாக இருக்கிற தொட்டியை எதற்கு உடைப்பது, தீபாவளி போகட்டும், பொங்கல் போகட்டும் என்று தட்டிக்கழித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். தாங்கள் இருக்கும்வரை ஒழுகிய குழாயை, குடித்தனக்காரர் வருகிறார் என்றதும் மாற்றுவார்கள். முப்பத்தொரு வருடமாக அவர் சாப்பிட்ட தட்டெல்லாம் மோனிஷா அங்கே குனிந்து கழுவியவை. இடுப்பு வலி எதனால் என்று மருத்துவர் கேட்டபோது, வயதாகிவிட்டது என்று முந்திக்கொண்டு பதில் சொன்னவரும் அவர்தான். வெட்கமாக இருந்தது. இத்தனைக்கும் பிறகு சிரிக்கிற ஒருத்தியோடு வாழக் கொடுத்துவைத்ததை நினைத்து நெஞ்சும் நிறைந்தது.

நிழல்குடியை எடுத்துவிட்டு, உயர்த்திய தொட்டியின் முன்னால் மோனிஷாவை நிறுத்திப் பார்க்கும்படி கருவியிடம் மெதுவாகச் சொன்னார். தொண்ணூற்றெட்டு என்றது. குனியத் தேவையில்லை என்றும் சேர்த்துச் சொன்னது.

"மோனிஷா, நாம இங்கயே இருந்துக்கலாமா?" என்று கேட்டார்.

மோனிஷா, கட்டிய மூட்டையை அவிழ்க்கத் தொடங்கினார்.

கருவி வாடகைப் பதிவுக்கு வந்தது. குடித்தனக்காரர் பெயர் கேட்டது. சுதர்சன் மோனிஷாவின் பெயரைச் சொன்னார். முன்பணம் வாங்கியாகிவிட்டதா என்று கேட்டது.

"வாங்கியாச்சு," என்றார் சுதர்சன். "முப்பத்தொரு வருஷம்."