பாறைக்குள் ஒரு பதமான இடம்

செல்போன் அலறியது.

திரையில் 'முதலாளி வீடு' என்று பார்த்ததும், போர்வெல் கம்பெனியில் துளை போடும் டிரில்லர் இரண்டு முறை அடிக்கவிட்டுத்தான் எடுத்தான்.

முதலாளி காணாமல் போய் மூன்று மாதம். யாரோ ஒருத்தியோடு ஓடிவிட்டார் என்று ஊரே நம்பியது.

அவர் வீட்டைவிட்டு நூறு அடிகூட நகரவில்லை என்பது டிரில்லருக்கு மட்டுமே தெரியும்.

"தம்பி, பின்பக்கம் ஒரு போர் போடணும்," என்றாள் முதலாளியின் மனைவி. "எந்த இடத்துக்கு எந்த பிட்டு மாட்டித் துளைக்கணும்னு வந்து சொல்லிட்டுப் போ."

வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டால்...?

அடித்துப் பிடித்து ஓடினான்.

பின்பக்கம், கம்பெனியின் இரும்புக் குழாய்களுக்கும் பிட்டுகளுக்கும் நடுவே, சுண்ணாம்புப் பொடியால் ஐந்து வட்டங்கள். ஐந்தாவது மதிலோரம்...

சரியாக முதலாளியின் மார்புக்கு மேலே.

"இந்த விங் பிட்டு போதுமா?" மூன்று தகடு வைத்த துளைமுனை ஒன்றைக் காலால் தட்டினாள்.

பயம்தான். ஆனாலும் பிட்டைப் பற்றி யாராவது கேட்டால் அவன் வாய் சும்மா இருக்காது.

"அது களிமண்ணுக்குக்கா. கத்தி மாதிரி சீவும். பாறையில வச்சா பத்து நிமிஷத்துல மொட்டையாயிடும்."

"அப்ப இந்தப் பல்லு வச்ச உருளை?"

"அது கொத்திக் கொத்திப் பேர்க்கும். மணல்கல்லு, சுண்ணாம்புக்கல்லுன்னா ஜோரா இறங்கும். இங்க ஒரு அடி மண்ணு, கீழே பூரா கருங்கல். கருங்கல்லை வெட்ட முடியாது, நசுக்கத்தான் முடியும். உருளை முழுக்க கார்பைடுன்னு கெட்டி உலோகக் குமிழ் பதிச்சது இருக்கே, பட்டன் பிட்டு, அதை மாட்டி, மெதுவா சுத்தி, பாரத்தை ஏத்தணும்."

"முதல் வட்டத்துக்கு?"

"பட்டன்."

"ரெண்டு, மூணு?"

"பட்டன்தான்."

"நாலு?"

"அதே பாறைதானேக்கா."

"அப்ப அஞ்சாவதுலயே போட்டுடு. மதிலோரம், வசதி."

"அங்க வேண்டாம்க்கா..."

"ஏன்?"

அவசரமாய் ஒரு பொய் தேடினான். நாக்கில் சிக்கியது தொழில்தான்.

"அங்க பட்டன் பிட்டு எடுபடாது. ஏழடிக்கு உதிரி மண்ணு. துளை சரிஞ்சு பிட்டையே மூடிடும்."

அவள் சிரித்தாள்.

"பூரா கருங்கல்னு இப்பத்தானே சொன்னே? இதுல ஏழடின்னு அளந்து வேற சொல்றே."

நுணலும் தன் வாயால் கெடும். டிரில்லரும்தான்.

"நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்த வாரம் இங்க பாறை உடைக்கிற மிஷின் ஓடுச்சாமே? பக்கத்து வீட்டுல சொன்னாங்க. எந்த இடம்னுதான் தெரியாம இருந்துச்சு. அதான் அஞ்சு வட்டம் போட்டு உன்னைக் கூப்பிட்டேன்."

டிரில்லர் அப்படியே மண்டியிட்டான்.

"அக்கா... பத்துப் பேர் முன்னாடி செருப்பால அடிச்சார். அந்த ஆத்திரத்துல... போலீஸுக்கு மட்டும்..."

"எந்திரி. நீ செஞ்சது எனக்கு உபகாரம். ஆனா எனக்கு இப்ப ஒரு குழி வேணும். காலையில கடப்பாரையால ரெண்டு இடத்துல குத்துனதுக்கே கை கொப்புளிச்சுப் போச்சு. ஏற்கெனவே தோண்டி மூடின இடம் தெரிஞ்சா வேலை சுலபம் பாரு."

"குழியா... யாருக்குக்கா?"

அவள் பின்கதவைத் தள்ளினாள்.

சமையலறைத் தரையில், போர்வையில் சுற்றி ஒரு உடல். நரைத்த தலை மட்டும் வெளியே தெரிந்தது.

"என் மாமியார். பிள்ளையைக் காணோம்னதும் ஊர்லேருந்து வந்து உக்காந்துட்டு, 'என் பிள்ளை எங்கே, என் பிள்ளை எங்கே'ன்னு மூணு மாசமா உசுரை வாங்கிட்டாங்க."

மண்வெட்டியை அவன் கையில் திணித்தாள்.

"கொண்டு போய்ப் பிள்ளைகிட்டயே விட்டுடுவோம், வா."