தழைக்கல்

புல்லுக்குள் ஒரு தடம்தான் இருந்தது.

இடுப்பளவு வளர்ந்து பழுத்துக் கிடந்த சுக்குநாறிப்புல்லை விலக்கிக்கொண்டு மலை உச்சிக்கு ஏறி வந்தவர்கள் இரண்டு பேர். முன்னால் பொன்னழகு, பின்னால் அவனுடைய அக்கா புருஷன் சேவுகப்பெருமாள். பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே சேவுகப்பெருமாள் திரும்பிப் பார்த்தபோது, ஒற்றை ஆள் நடந்து வந்ததுபோல ஒல்லியாக ஒரு கோடு மட்டும் புல்லுக்குள் வளைந்து வளைந்து காட்டின் விளிம்புவரை போனது. மச்சினன் மிதித்த இடத்திலேயே தானும் மிதித்து வந்திருப்போம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். பெற்ற மகள் செத்த இடத்தைப் பார்க்க வந்த தனக்குப் புல் சாய்ந்தால் என்ன, நிமிர்ந்தால் என்ன?

பாறைக்கு அந்தப் பக்கம் பெரும் சரிவு. போன மார்கழியில் கல்லூரித் தோழிகளோடு மலையேற வந்த சத்தியப்பிரியா, பனிமூட்டத்தில் வழி தவறி அங்கேதான் விழுந்தாள். இப்படி ஒரு மலை இருப்பது காரைக்குடியில் பாதிப் பேருக்குத் தெரியாது. அங்கே ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சேவுகப்பெருமாளுக்கே மகள் சொல்லித்தான் தெரியும். "எல்லாரும் ஊட்டி, கொடைக்கானல்னு ஓடுறாகப்பா. நம்ம மலைய நாமளே பாக்காட்டி எப்புடி?" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான்.

மாலையைப் பாறையில் வைத்தார். மனைவி காளியாயி சுட்டுக் கொடுத்திருந்த சீப்புச்சீடையைப் பக்கத்தில் கொட்டினார். மூட்டுவலியால் ஏற முடியாமல் அவள் மலையடிவாரத்தில், ஓடையோரம் நிறுத்திய காரில் உட்கார்ந்திருந்தாள். "பிள்ளைக்குப் பிடிக்கும், பொட்டலத்தோட வைக்காம பிரிச்சு வையிங்க" என்று சொல்லியனுப்பியிருந்தாள். அழுகை வரவில்லை. ஒரு வருடமாக வராத அழுகை இன்றைக்கு வரும் என்று நம்பி வந்தவருக்கு அதுவும் ஏமாற்றமாகப் போயிற்று.

"கெளம்புவோம் மச்சான்," என்றான் பொன்னழகு. அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டுக்கொண்டு சரிவைப் பார்த்தபடியே சொன்னான். "மார்கழிப் பொழுது, சட்டுன்னு இருட்டிரும். அக்கா தனியா இருக்கு."

இறங்கினார்கள். புல்வெளி முடிந்து காடு தொடங்கிய இடத்தில் வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. உசிலை மரங்களுக்கு நடுவே பாதை ஒடுங்கி, மழைநீர் அரித்த பள்ளமாக இறங்கியது. மக்கிய இலைகளின் ஈர வாடையும், எங்கோ பழுத்து விழுந்து புளித்த பழங்களின் வாடையும், இவை இரண்டையும் மீறிக்கொண்டு, கையில் கசக்கிய சுக்குநாறிப்புல்லின் காரமான மணமும் வந்தது. புல்வெளியைத்தான் விட்டு இறங்கிவிட்டோமே, இது எங்கிருந்து வருகிறது என்று நினைத்தார். பிரியாவுக்கு அந்தப் பழக்கம் உண்டு. எந்தப் புல்லைக் கண்டாலும் கிள்ளிக் கசக்கி, உள்ளங்கையை அப்பன் மூக்குக்கு நேரே நீட்டுவாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கிண். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், கிண்.

பையின் வளையத்தில் மாட்டிய எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், நடக்கிற நடைக்கு ஆடி இடிபடும் சத்தம் அது. பொன்னழகிடம் இருந்தது பிளாஸ்டிக் பாட்டில். அவர் கையில் ஒன்றுமே இல்லை.

"மாப்ள, என்ன சத்தம் அது?" என்று கேட்டார்.

பொன்னழகு திரும்பவில்லை. டார்ச்சைப் போட்டுக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தான். "இங்குட்டு வழுக்குது மச்சான், பாத்து வாங்க," என்றான். சற்று நடந்துவிட்டு, "என்ன, ஒண்ணும் பேசாம வாரீக?" என்றான்.

"பேசிக்கிட்டுத்தானே வர்றேன்!"

"சரி, பேசாட்டிப் போங்க. மனசு சரியிருக்காது, எனக்குத் தெரியும். பின்னால நடக்குற சத்தம் கேக்குது, அது போதும்."

சேவுகப்பெருமாள் குனிந்து தன் காலைப் பார்த்தார். முழங்கால்வரை சருகு. ஓங்கி ஒரு மிதி மிதித்தார். சருகு நொறுங்கவில்லை. ஆனால் அவருக்கு முன்னால், பொன்னழகுக்குப் பின்னால், இரண்டு பேருக்கும் இடையிலிருந்த இருட்டில் சருகு நொறுங்கிக்கொண்டே போனது. ஒரு கால் அழுந்தி, ஒரு கால் இழுத்து. கிண்.

வேகமாக இறங்கினார். பொன்னழகின் டார்ச் வெளிச்சம் ஒரு மரத்தில் பட்டுத் தெறித்தபோது அவள் தெரிந்தாள். சாம்பல் நிறப் பை. அதில் ஆடும் பாட்டில். சேறு காய்ந்து ஒட்டிய பின்னல். தலை இடது தோளில் சாய்ந்து கிடந்தது.

அந்தச் சாய்வு அவருக்குத் தெரியும். சரிவிலிருந்து தூக்கி வந்தபோது அப்படித்தான் இருந்தது. எத்தனை முறை நிமிர்த்தியும் நிற்காமல், கடைசியில் ஆஸ்பத்திரி ஆள் தலையோடு தோளைச் சேர்த்துத் துணியால் கட்டித்தான் கொடுத்தான். எரிக்கிறவரை அந்தக் கட்டை யாரும் அவிழ்க்கவில்லை.

முதலில் வந்தது சந்தோஷம்தான். வெட்கமில்லாத, முழுச் சந்தோஷம். "பிரியா! ஆத்தா!" என்று கத்தினார். ஓடிப் பிடித்துவிடலாம், இந்தத் தடவை விடவே கூடாது. கையை நீட்டினார். அவள் திரும்பவில்லை. தலை மட்டும் ஒவ்வொரு அடிக்கும் லேசாக ஆடியது.

அவள் கீழே போகிறாள். எப்படிப் போகிறாள்?

தழைக்கல் நினைவுக்கு வந்தது.

அடிவாரத்தில், ஓடையைத் தாண்டியதும் ஒரு பட்டைக்கல் கிடக்கும். மலையேறுகிறவர்கள் ஆளுக்கொரு பச்சைக் கொப்பை ஒடித்து அதன்மேல் வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். இறங்கி வந்ததும் அவரவர் தழையை அவரவர் எடுத்து ஓடையில் விட்டுவிட வேண்டும். பொழுது சாய்ந்தும் கல்லில் தழை மிஞ்சியிருந்தால், ஆள் இறங்கவில்லை என்று பக்கத்து ஊர்க்காரர்கள் விளக்கோடு தேடிப் போவார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் முதல் கல்லூரிப் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் இதுதான் முறை. "தழையப் பாத்துத்தான் மலை ஆள எறக்கிவிடுமாம்ப்பா," என்று பிரியா வீட்டில் சிரித்துக்கொண்டு சொன்னாள். போன வருடம் தோழிகள் எல்லோரும் தத்தம் தழையை எடுத்த பிறகு, ஒன்று மிஞ்சியது. அதை வைத்துத்தான் அவளைக் காணவில்லை என்றே தெரிந்தது. அடுத்தவர் தழையை யாரும் தொடக் கூடாது. அதனால் அது அங்கேயே கிடந்தது.

இன்று காலையில் அதைப் பார்த்தார். இலையெல்லாம் உதிர்ந்து, விரல் நீளக் குச்சியாக. அதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. பொன்னழகு தன் தழையை வைத்துவிட்டு ஓடையில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். சேவுகப்பெருமாள் பூவோடு ஒரு ஆவாரங்கொப்பை ஒடித்தார். காய்ந்த குச்சியின் மேல் வைத்தார். "இது எம் பிள்ளைக்கு," என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

தனக்கென்று ஒன்று ஒடிக்கவில்லை.

கல்லில் இருந்தது இரண்டு பச்சைத் தழை. பொன்னழகுக்கு ஒன்று. பிரியாவுக்கு ஒன்று.

"மாப்ள! நில்லுடா! பொன்னழகு!"

டார்ச் வெளிச்சம் தூரத்தில் சிறுத்துக்கொண்டே போனது. ஓடினார். மரங்கள் விலகின. காடு முடிந்துவிட்டது, இனி ஓடைதான் என்று காலை வைத்த இடத்தில் புல் இருந்தது. இடுப்பளவு. சாயாத புல். எதிரே பாறை. பாறையில் மாலை, சீடை.

மறுபடி இறங்கினார்.

மறுபடி புல்.

இன்னொரு முறை.

பாறைதான்.

கீழே, கைக்கெட்டாத ஆழத்தில், ஓடையோரம் கார் நின்றது. அவ்வளவு தூரத்திலிருந்தும் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம். பொன்னழகு கல்லிடம் வந்து தன் தழையை எடுத்து ஓடையில் விட்டான். பின்னாலிருந்து ஒரு கை நீண்டு ஆவாரங்கொப்பை எடுத்தது. அவன் சிரித்துக்கொண்டே டார்ச்சைத் திருப்பினான். டார்ச் கீழே விழுந்தது.

பொன்னழகு பின்வாங்கி ஓடைக்குள் விழுந்து எழுந்தான். பிறகு மலையைப் பார்த்து அலறினான்.

"மச்சான்! மச்சான், எங்குட்டு இருக்கீக!"

"இங்கதான்டா!" என்று அவர் தொண்டை கிழியக் கத்தினார். புல் சலசலத்தது. அவ்வளவுதான்.

கார்க் கதவு திறந்தது. காளியாயி இறங்கினாள். மூட்டுவலியைப் பொருட்படுத்தாமல் வந்தாள். பயப்படவில்லை. 'வேண்டாம் காளியாயி, அது நம்ம பிள்ளையா என்று எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லத் துடித்தார். யாருக்குச் சொல்வது? பிள்ளையாகவே இருந்தால்தான் என்ன சொல்வது? அவள் முந்தானையால் அதன் முகத்துச் சேற்றைத் துடைத்தாள். சாய்ந்த தலையை இரண்டு கையாலும் நிமிர்த்தினாள். அது மறுபடி சாய்ந்தது. மெதுவாகக் கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் காரின் பின்சீட்டில் ஏற்றி, தானும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவரைத் தேடி ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்கவில்லை.

காருக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காளியாயி கண்ணை மூடிக்கொண்டு, மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்து, தட்டித் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் தோளில் கிடந்த முகம் மட்டும் கண்ணாடி வழியாக மலை உச்சியை, அவர் நின்ற இடத்தையே, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.